முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது சோம்பலாலா?

கேள்வி: ஐந்தாறு ஆண்டுகளாக வீட்டுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஒரே செயலியில்தான் வாங்குகிறேன். அண்மையில் வாங்கிய மிக்சி, வேறொரு தளத்தில் முந்நூறு ரூபாய் குறைவாக இருந்தது தெரிந்தும் பழைய இடத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. இது சோம்பல்தானா? அனுப்பும் கட்டணம் இல்லாமல் வாங்க அந்தச் செயலிக்குக் கட்டும் ஆண்டுச் சந்தாவையும் புதுப்பிக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சோம்பலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முகவரியும் பணம் செலுத்தும் வழியும் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் இடத்துக்கே கை போகும். ஆனால் அந்த முந்நூறு ரூபாயில் பெரும்பகுதியை, பொருள் பழுதாக வந்தால் அலைக்கழிக்காமல் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்காகவே கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணால் பார்க்காத பொருளுக்குப் பணம் கட்டும் வணிகம் இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. 2010-இல் பிளிப்கார்ட், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்ற முறையைக் கொண்டுவந்தபோது, வங்கி அட்டை இல்லாதவர்களோடு, அட்டை இருந்தும் முன்பணம் கட்டத் தயங்கியவர்களுக்கும் அது வழிவிட்டது.

பழுதான பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் ஆகியவற்றைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இந்த உரிமை விலை குறைவான அந்தத் தளத்திலும் உங்களுக்கு உண்டு. சட்டத்தைச் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டியதை ஒரு தளம் கேட்காமலே செய்கிறதென்றால், அதற்குச் சற்றுக் கூடுதல் விலை தருவதில் தவறில்லை. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் வசதியோ அந்தந்தத் தளத்தின் விருப்பம். அதை இந்த விதிகள் கட்டாயமாக்கவில்லை. மின்சாதனங்கள் பலவற்றுக்குப் பணம் திரும்பாது, மாற்றுப் பொருள் மட்டுமே கிடைக்கும் என்பது பொருளின் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். மிக்சிக்கு முன்பே அதைப் படித்திருந்தால், அந்த முந்நூறு ரூபாய் தகுமா என்று நீங்களே முடிவு செய்திருப்பீர்கள்.

சந்தா வேறு கதை. கட்டிய பணத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணமே அங்கு உங்களைக் கட்டிப்போடுகிறது. அந்த எண்ணத்தில் தேவையில்லாததும் கூடையில் ஏறும். கடந்த ஓர் ஆண்டு ஆர்டர்களை எடுத்து, சந்தா இல்லாவிட்டால் எத்தனை முறை அனுப்பும் கட்டணம் கட்டியிருப்பீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவை எப்படியும் இலவசமாக வந்திருக்கும் என்றால் புதுப்பிக்க வேண்டாம். சேர்வதை எளிதாகவும் விலகுவதைச் சிக்கலாகவும் அமைப்பதை ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாக 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. யுபிஐ செயலியில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருந்தால், அதை அந்தச் செயலியிலேயே நீக்கிவிடலாம். விலகவே விடாமல் தளம் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தமிழிலேயே பேசி அழைக்கலாம். அழைக்கும் முன் சந்தா ரசீதையும் விலக முயன்ற பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.