24 அடியா, 28 அடியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஏரிகளையும் கால்வாய்களையும் பற்றி நீங்கள் எழுதுவதைத் தவறாமல் வாசிக்கிறவன். ஸ்காபரோவில் இருக்கிறேன். வயது 53. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இனியாவது ஒரு படகு வாங்கலாம் என்று, உள்ளே படுக்க வசதியுள்ள பழைய கபின் குரூசர்கள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 24 அடி, 2004இல் செய்தது, ஒற்றை எஞ்சின், சிம்கோ ஏரியில் நிற்கிறது. மற்றது 28 அடி, 1999, இரட்டை எஞ்சின், ஒன்ராறியோ ஏரிக்கரையில். விலையில் மூவாயிரம் டொலர்தான் வித்தியாசம். பெரியதில் ஆறு பேர் படுக்கலாம், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், கதவு வைத்த கழிப்பறை இருக்கிறது. நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள், அவர்களுக்கும் இடம் வேண்டும்.

அப்பாவின் ஊர் வல்வெட்டித்துறை. அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்காவுக்கு ஓட்டிப்போன ஊர். கடலோட்டம் எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது என்பதால் எனக்குப் பயமில்லை. மனைவிக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம். பழகிவிடுவார்.

எதை வாங்கலாம்? வாங்குமுன் படகுகளைச் சோதித்துச் சொல்லும் சேர்வேயர் ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டுமா, மெக்கானிக் நண்பர் ஒருவர் பார்த்தால் போதாதா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். எஞ்சின் ஓடிய மணிநேரம், குளிர்பெட்டியின் அளவு, மெத்தைத் துணியின் நிறம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். மனைவிக்கு மட்டும் ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

போன கிழமை பொப்கேஜன் ஊரில் இருந்தேன். ட்ரென்ட் செவேர்ன் நீர்வழியின் 32ஆவது லொக் அங்கே ஊரின் நடுவிலேயே இருக்கிறது. படகை உள்ளே விட்டுக் கதவடைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கி அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். சனம் ஐஸ்கிறீமும் கையுமாகக் கரைச்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், நானும் பார்த்தேன். வந்த படகுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். சுக்கானில் ஒரு ஆண், படகின் முன்முனையான அணியத்தில் கயிற்றோடு ஒரு பெண், ஆண் கத்துகிறார், பெண்ணுக்குக் கேட்கவில்லை. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் வந்து கிடக்கிறது.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்: 24 அடி. காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 24 அடிப் படகுகளில் பெரும்பாலானவை எட்டரை அடி அகலம். ஒன்ராறியோவில் தனி அனுமதி இல்லாமல் வீதியில் இழுத்துச் செல்லக்கூடிய அகலம் 2.6 மீற்றர், அதற்குள் இது அடங்கிவிடும். 28 அடிப் படகு பொதுவாக ஒன்பது அடிக்கு மேல் அகலம். ட்ரெயிலரோடும் பெற்றோலோடும் சேர்த்து நிறுத்தால், சாதாரண ஜி லைசென்ஸில் இழுக்க விடுகிற 4,600 கிலோவையும் தாண்டிவிடலாம். அப்படியென்றால் அதை இடம்மாற்ற ஒவ்வொரு முறையும் யாருக்கோ காசு கொடுக்கவேண்டும். படகுகளை நிறுத்தும் மறினாவில் அடிக்கணக்கில் வாடகை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீச்சல் தட்டையும் சேர்த்துத்தான் பல இடங்களில் அளப்பார்கள், ஆகவே உங்கள் 28 அங்கே 30 ஆகலாம். இரண்டு எஞ்சின் என்றால் எண்ணெய் இரண்டு, பம்ப் இரண்டு, படகின் பின்னால் தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலில் தண்ணீர் உள்ளே வராமல் காக்கும் ரப்பர் பெல்லோஸும் இரட்டிப்பு. குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்து அந்த இளஞ்சிவப்பு அன்டிபிறீஸ் ஊற்றும் வேலையும் அப்படித்தான். மூவாயிரம் டொலர் வித்தியாசம் என்பது வாங்குகிற நாளில் மட்டும்தான்.

28க்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லவேண்டும். ஒன்ராறியோ ஏரியில் காற்றுக் கிளம்பினால் அலை கிட்டக்கிட்ட, செங்குத்தாக வரும், அதில் நீளமும் எடையும் உள்ள படகு சுகமாகப் போகும். அதற்காகச் சிம்கோ சாதுவான ஏரி என்றும் இல்லை.

அன்னபூரணிக்கு வருவோம். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை 1938இல் மசசூசெட்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அந்த மாலுமிகளுக்குக் கடல் தெரிந்தது இரத்தத்தால் அல்ல தம்பி, சிறுவயதிலிருந்தே கயிறு இழுத்துக் கை காய்த்ததால். நீங்கள் 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டிய மனிதர். ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு படகில் ஏறுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. இன்னொன்றும் யோசியுங்கள். அந்தக் கப்பலில் கயிற்றைத் தொட்டிராத ஆளை, "பழகிவிடுவார்" என்று சொல்லி எந்தத் தண்டையலும் (கப்பல் தலைவர்) அணியத்தில் நிறுத்தியிருக்கமாட்டார்.

இரண்டு பேர் மட்டும் போகிற படகில் என்ன நடக்கிறது? காற்று வீசுகிற பின்னேரம், மறினாவுக்குள் நுழைகிறீர்கள். 28 அடிப் படகின் உயர்ந்த பக்கம் பாய் விரித்ததுபோல் காற்றைப் பிடிக்கும். இரட்டை எஞ்சினை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போட்டு நின்ற இடத்திலேயே திருப்பலாம் என்பீர்கள். உண்மைதான். சுக்கானில் இருப்பவருக்கு அது ஒற்றை எஞ்சினைவிட லேசு. ஆனால் அணியத்தில் இருப்பவருக்கு ஒன்றும் லேசாகவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் அகல ஓரத்தில் நடக்கவேண்டும். கீழே கரையின் மரத்தட்டு இன்னும் தாழ்வாகத் தெரியும். அணியம் காற்றில் விலகும். அப்போது நீங்கள் கத்துவீர்கள்: "குதி!"

குதிக்கச் சொல்லாதீர்கள். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது. நாலு தொன் எடை நகர்ந்துகொண்டிருக்கும்போது, கையில் கயிற்றோடு, ஈரப் பலகைக்கு ஒரு மனிதர் குதிக்கக்கூடாது. நீந்தத் தெரியாதவர் கட்டாயம் குதிக்கக்கூடாது. காலை நீட்டிச் சுவரில் உதைத்துப் படகைத் தடுக்கவும் கூடாது. படகின் பிளாஸ்டிக் கீறினால் பூசலாம், நசுங்கிய காலை என்ன செய்வீர்கள்? "கொஞ்சம் இடைவெளிதானே" என்பவர்களிடம் நான் அதற்கு மேல் கதைப்பதில்லை. இடைவெளி இருந்தால் படகு இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சுக்கானில் இருப்பவர் தன் வேலையை முடிக்காமல் மற்றவரின் காலிடம் மிச்சத்தை ஒப்படைக்கிறார். வெளியே போய் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்ப வாருங்கள். கரையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள் என்ற வெட்கம்தானே? பார்க்கட்டுமே.

அணியத்துக்கு ஆள் போகாமலே கட்டுவதற்கும் வழி இருக்கிறது. படகின் நடுப்பக்கத்தில் கயிறு கட்டுகிற கொண்டியில் ஒரு கயிறு. மெதுவாகப் பக்கவாட்டில் வந்து, அந்தக் கயிற்றைக் கரையில் சற்றுப் பின்னால் உள்ள கொண்டியில் போட்டுப் பிடித்துக்கொண்டால் போதும். எஞ்சினை முன்னோக்கி மிக மெதுவாகப் போட்டு, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால், படகு தானாக வந்து மரத்தோடு ஒட்டி நிற்கும். முன் கயிறு, பின் கயிறு எல்லாவற்றையும் பிறகு ஆறுதலாகக் கட்டலாம். நடுவில் கொண்டி இல்லாத படகுகளும் உண்டு. நீங்கள் பார்த்த இரண்டிலும் இருக்கிறதா? குளிர்பெட்டியை அளந்த நேரத்தில் அதைப் பார்த்திருக்கலாம்.

என் கணவரும் கத்துகிறவர்தான். வீட்டில் குழம்புக்கு உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்காத மனிதர். சுக்கானைப் பிடித்தால் குரல் மாறிவிடும். எஞ்சின் சத்தம், நடுவில் கண்ணாடி, ஆகவே உரத்துச் சொல்லவேண்டியிருக்கிறது என்பார். உரத்துச் சொல்வது எப்போது கோபமாகிறது என்று சொல்கிறவருக்குத் தெரியாது, கேட்கிறவருக்குத்தான் தெரியும். லொக்குக்குள் சுவரில் தொங்குகிற கறுப்புக் கேபிளைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, கட்டாமல் கையில் பிடித்திருக்கவேண்டும். கட்டிவிட்டால் தண்ணீர் ஏறும்போதோ இறங்கும்போதோ படகு சாய்ந்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு லொக்கிலும் பின்னாலிருந்து, "கட்டாதே, கட்டாதே!"

ஒரு கோடையில் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆறிய பிறகும் வெயிலில் தூரத்தில் வழிகாட்டும் மிதவைகளான போயாக்களைப் பார்க்க அவருக்குச் சிரமமாக இருந்தது. வேறு வழியில்லாமல் சுக்கான் என்னிடம் வந்தது, கயிறு அவரிடம் போனது. அப்போதுதான் அந்த வேலைப்பங்கீடு எவ்வளவு தலைகீழானது என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. சுக்கானைத் திருப்ப விரல் போதும். எட்டிப் பிடிக்கவும் இழுக்கவும் உடல்பலம் வேண்டியது அணியத்தில். பலமுள்ள ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பலம் குறைந்த ஆளை ஏன் முன்னால் அனுப்புகிறோம்? சுக்கான்தான் தலைமை என்று யாரோ ஆண்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் பீற்றர்பரோ தூக்குலொக்குக்குள் நான்தான் படகைக் கொண்டுபோனேன். 1904இல் திறந்தது. தண்ணீர் நிறைந்த இரண்டு பெரிய தொட்டிகள், மேலே நிற்கிற தொட்டியில் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, மற்றது 65 அடி மேலே ஏறும். ஏற்றுவது தண்ணீரின் எடைதான். எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றோம். மேலே போய்ச் சேர்ந்ததும் அணியத்திலிருந்து திரும்பிப் பார்த்து, "நீ கத்தவே இல்லையே" என்றார். கத்துவதற்கு என்ன இருந்தது? அவர் கையில் வேலை இருந்தது, எனக்குப் பாதை தெரிந்தது. அதன் பிறகு கண் சரியானாலும் அவர் சுக்கானைத் திரும்பக் கேட்கவில்லை. அவர் இல்லாமல் இப்போது அந்த லொக்கை மேலே வீதியில் நின்று பார்ப்பதோடு சரி.

உங்கள் மனைவியின் பயத்தைக் குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அது புத்தி. மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் பத்துப் பாகைக்கும் கீழே இருக்கும். விழுந்தவுடன் மூச்சு இழுத்துக்கொள்ளும், நல்ல நீச்சல்காரருக்கும் முதல் நிமிடங்கள் ஆபத்து. விழப்போவது அவர்தான் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நீங்கள் விழுந்தால் அந்த 28 அடியை யார் திருப்பிக் கொண்டுவருவது? அல்லது உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால்? பிளெஷர் கிராப்ற் ஒப்பரேற்றர் கார்ட் என்று படகோட்டுவதற்கான அட்டை ஒன்றை நீங்கள் எடுக்கத்தான் வேண்டும், அவரும் உங்களோடு சேர்ந்து எடுக்கட்டும். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும். பெற்றோல் எஞ்சினை இயக்குமுன் எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை நான்கு நிமிடம் ஓடவிடவேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். முன்பக்கக் கன்வஸை மூடிப் பின்பக்கத்தை மட்டும் திறந்து மெதுவாக ஓடினால் எஞ்சின் புகை உள்ளே திரும்பி வரும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் அலாரம் இல்லாத படகில் ஒரு இரவுகூடத் தங்காதீர்கள். பாதுகாப்பு அங்கியைக் கழற்றாமல் போட்டிருக்கச் சொல்லுங்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் ஒரு கோடைக்கு இரண்டு முறை வருவார்கள். அவர்களுக்கு மோட்டல் போட்டுக் கொடுங்கள், மலிவு.

சேர்வேயர் கட்டாயம் வேண்டும். உங்கள் நண்பர் எஞ்சினைப் பார்ப்பார், ஆனால் கண்ணாடி இழைக்குள் இருக்கிற மரம் ஊறிப்போயிருந்தால் அதைச் சுத்தியலால் தட்டிக் கேட்கவும் ஈரமானியால் அளக்கவும் பழகிய ஆள் வேறு. 20 வயது கடந்த படகில் பின்பலகையும் அடித்தளச் சட்டங்களும்தான் முக்கியம். நன்னீரில் நின்றதால் உப்பு அரித்திருக்காது, ஆனால் ஒரு குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால் எஞ்சின் புளொக் வெடித்திருக்கும். சேர்வேயரோடு தண்ணீரில் ஓட்டிப் பார்க்கிற நாளைச் சனி, ஞாயிறில் வைக்காமல், மறினா வெறுமையாக இருக்கிற ஒரு வார நாளில், கொஞ்சம் காற்றுள்ளபோது வையுங்கள். மனைவியைக் கூட்டிப் போங்கள். விற்பவர் பக்கத்தில் நிற்க, மனைவியே படகைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கட்டும், நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள், வாயைத் திறக்காதீர்கள். 28ஐயும் அப்படி ஓட்டிப் பார்த்து அவர் அதுதான் பிடித்தது என்றால், நான் மேலே எழுதிய 24ஐ மறந்துவிட்டு அதையே வாங்குங்கள். ஒரு பெண் ஓட்டிப்பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அடுத்த படகைப் பாருங்கள். பழைய படகுகளுக்கு இந்த மாகாணத்தில் பஞ்சமில்லை.

அன்புடன்,
அக்கா