வந்தாலும் மோய்ன், போனாலும் மோய்ன்

"அதிகம் பேசப்படாத வெளிநாட்டு க்ரைம் த்ரில்லர் ஒன்று சொல்லுங்கள். சின்ன ஊரில் நடக்க வேண்டும், சிரிப்பும் வர வேண்டும், ஆனால் காமெடிப் படமாக இருக்கக் கூடாது" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட மூன்றும் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும் ஒரு படம் எனக்குத் தெரியும். 2008-இல் வந்த டேனிஷ் படம். டேனிஷில் 'ஃப்ரிக்டெலி லுக்கெலி', ஆங்கிலத்தில் 'டெரிப்ளி ஹேப்பி'.

முதலில் பெயர். ஃப்ரிக்ட் என்றால் டேனிஷில் பயம். அதிலிருந்து வந்த 'ஃப்ரிக்டெலி'யை அவர்கள் 'ரொம்ப' என்ற பொருளிலும் சொல்வார்கள். நாம் 'பயங்கர பசி', 'பயங்கர கூட்டம்' என்கிறோமே, அதேதான். ஆக இந்தப் படத்துக்குத் தமிழில் 'பயங்கர சந்தோஷம்' என்று பெயர் வைத்தால் ஒரு சொல்கூட வீணாகாது. இரண்டு பொருளும் அப்படியே வந்துவிடும்.

கதை தொடங்குவது ஒரு பசுமாட்டில். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலம். அதில் எப்போதோ ஒரு மாடு புதைந்து போனதாம். மாதங்கள் கழித்து மேலே வந்ததாம். வந்த மாடு இரண்டு தலையுள்ள கன்றை ஈன்றதாம். அதிலிருந்து ஊருக்கு ஒன்று மாற்றி ஒன்றாகக் கேடு. கடைசியில் மாட்டைத் திரும்ப அந்தச் சேற்றுக்குள்ளேயே அனுப்பிவிட்டார்களாம். பாட்டி கதை சொல்வதுபோல ஒரு குரல் இதையெல்லாம் நிதானமாகச் சொல்கிறது. முதல் தடவை பார்க்கும்போது 'சரி, ஏதோ நாட்டுப்புறக் கதை' என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவைதான் உறைத்தது. முழுப் படமும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. ஊருக்கு ஆகாத எதுவும் சேற்றுக்குப் போகும். போனது சில நேரம் திரும்பி வரும்.

இந்த ஊருக்குக் கோபன்ஹேகனிலிருந்து ஒரு போலீஸ்காரரை மாற்றல் செய்து அனுப்புகிறார்கள். பெயர் ராபர்ட் ஹான்சன். தண்டனை மாற்றல்தான். அங்கே என்ன செய்துவிட்டு வந்தார் என்பதைப் படம் சொட்டுச் சொட்டாகத்தான் சொல்லும். யாகோப் செடர்கிரென் நடித்திருக்கிறார். போலீஸ் அவசர அழைப்பு அறையில் போனும் கையுமாக ஒரே ஆள் படம் முழுக்க உட்கார்ந்திருப்பாரே, 2018-இல் வந்த 'தி கில்ட்டி', அந்த ஆள்தான். இதில் பத்து வயது குறைவு. 'கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தால் திரும்பிப் போய்விடலாம்' என்று நம்புகிறவரின் முகம்.

ஊர் டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தின் தெற்கே, ஜெர்மன் எல்லைப் பக்கம். அந்தப் பக்கத்துக்கு என்று ஒரு வரலாறு உண்டு. 1864 போரில் டென்மார்க் தோற்று அந்த நிலம் கைவிட்டுப் போனது. பிரஷ்யா, பிறகு ஜெர்மனி என்று இருந்து, 1920-இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் வடபாதி டென்மார்க்கோடு திரும்பச் சேர்ந்தது. தலைநகரத்திலிருந்து வருகிற ஆளை அந்த ஊர் பார்க்கிற பார்வையில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் ஊகம். மலையில்லை, மேடில்லை. தட்டில் ஊற்றின மாவுபோலத் தட்டையான நிலம், அதன்மேல் பெரிய வானம். ஒரு ஆள் நடந்து வந்தால் பத்து நிமிடத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஒளிய இடமே இல்லாத ஊரில்தான் எல்லாமே ஒளிந்திருக்கிறது.

அந்த வட்டாரத்தில் 'மோய்ன்' என்று ஒரு சொல். பார்த்தாலும் மோய்ன், கிளம்பினாலும் மோய்ன். வடக்கு ஜெர்மனியிலும் இது உண்டு. நாமும் போகும்போது 'வரேன்' என்கிறவர்கள்தான், அதனால் நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் கிடையாது. ஆனால் ராபர்ட்டுக்கு அந்த ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்க என்கிறார்களா, வந்த வழியே போய்ச் சேர் என்கிறார்களா? படம் முழுக்க இந்த மோய்ன் வந்துகொண்டே இருக்கிறது. முதல் நான்கைந்து தடவை சிரிப்பு வரும். அப்புறம் யார் சொன்னாலும் முதுகுத்தண்டில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும்.

என்னை முதலில் உலுக்கியது கொலை இல்லை. கன்னத்தில் விழும் ஒரு அறை. கடையில் சாமான் திருடின பையன் ஒருவன் பிடிபடுகிறான். ராபர்ட் ஊருக்குப் புதிது, சட்டப்படி எழுதிப் பதிவுசெய்யப் பார்க்கிறார். அதெல்லாம் இங்கே வழக்கமில்லை என்று தெரியவருகிறது. காதோடு சேர்த்து ஒன்று கொடு, வீட்டுக்கு அனுப்பு, விஷயம் முடிந்தது. 'சேச்சே' என்கிறவர்தான் ராபர்ட். ஆனால் எவ்வளவு நாள்? அந்தக் கை ஓங்கி இறங்குகிற இடத்தில்தான் ஊர் அவரை முதல்முறையாக ஏற்றுக்கொள்கிறது. கேவலமாக இருக்கிறது, ஆனால் நமக்கும் 'அப்பாடா' என்று இருக்கிறது. அந்த 'அப்பாடா'வை வைத்தே படம் நம்மைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மீதிப் படம் முழுக்க நாமும் உடந்தை.

இப்படி ஒற்றை ஆளாக ஒரு போலீஸ்காரர், அவர் குடியிருக்கும் வீட்டிலேயே ஸ்டேஷன் என்பது டென்மார்க் கிராமங்களில் உண்மையிலேயே இருந்த வழக்கம். 'லான்ட்பெட்யென்ட்' என்பார்கள், கிராமக் காவலர். காலப்போக்கில் அது தேய்ந்துவிட்டது. 2007 சீர்திருத்தத்தில் நாட்டின் 54 காவல் மாவட்டங்களைச் சேர்த்து 12 ஆக்கிவிட்டார்கள். படம் வந்தது அதற்கு அடுத்த வருடம். அதனாலோ என்னவோ, கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்றே பிடிபடாத ஒரு பழைய வாசனை இதில் அடிக்கிறது.

சரி, குற்றம் என்ன? ஊரில் யோர்கன் பூல் என்று ஒரு முரடன். நடித்திருப்பவர் கிம் போட்னியா. 2011-இல் தொடங்கிய 'தி பிரிட்ஜ்' தொடரில் அந்தக் குண்டு, கலகல டேனிஷ் போலீஸ்காரராகப் பார்த்து ரசித்தவர்கள் இதில் அவரைப் பார்த்தால் இரண்டடி பின்னால் போவார்கள். யோர்கன் தன் மனைவி இங்கெர்லீஸை அடிக்கிறான். இங்கெர்லீஸ் ராபர்ட்டிடம் வந்து சொல்கிறாள். சொல்கிற விதத்தில் உதவியும் கேட்கிறாள், வேறு எதையோவும் கேட்கிறாள். அவள் சொல்வது உண்மையா, பாதி உண்மையா? ஊர்க்காரர்களைக் கேட்டால் 'அவளைக் கண்டுகொள்ளாதீங்க' என்கிறார்கள். சைக்கிள் கடை ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது. கடைக்காரர் எங்கே என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

பாதிப் படத்தில் ஒரு சாவு. யாரால் நடந்தது என்பது நம் கண்ணெதிரிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் 'கொலையாளி யார்' என்ற கேள்விக்கே வேலையில்லை. ஊருக்கு எவ்வளவு தெரியும், தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: டாக்டர் ஸெர்லாங்கைக் கவனியுங்கள். லார்ஸ் ப்ரூக்மன் என்ற நடிகர். குரலை உயர்த்தவே மாட்டார். ஊர்ப் பெரிய மனிதர்களோடு உட்கார்ந்து சீட்டாடுவார். யோர்கனைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவன் நான், கடைசியில் இந்த மனுஷன் சீட்டுக் கலைப்பதைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன்.

சிரிப்பு எங்கே என்று கேட்பீர்கள். வசனத்தில் தேடினால் கிடைக்காது, மரியாதையில் இருக்கிறது. எவ்வளவு மோசமான காரியம் நடந்தாலும் யாரும் பதறுவதில்லை. குடும்பத்துக் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனதைப் பந்திக்குத் தெரியாமல் சமாளிப்பார்களே, அந்த முகபாவத்தோடு பிணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்புறம் அந்தக் குடிப் போட்டி. அமெரிக்க கௌபாய் படங்களில் இரண்டு பேர் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்பார்களே, அதையே மதுக்கடை மேசையில் கோப்பைகளை வைத்து எடுத்திருக்கிறார்கள். ராபர்ட்டும் யோர்கனும் மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். சுற்றி நின்று ஊர் பார்க்கிறது. உயிர் போகிற விஷயம் என்று தெரிந்தே எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததற்காக எரிச்சலும் வந்தது.

நிறைய பேர் இதை அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களின் படங்களோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. அவர்கள் படங்களில் முட்டாள்கள் திட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள். இங்கே முட்டாள் என்று யாருமே இல்லை, வந்த போலீஸ்காரரைத் தவிர.

அந்தச் சேறு சும்மா ஒரு பின்னணி என்று நினைத்துவிடாதீர்கள். யூட்லாந்துச் சதுப்புகளுக்கு உண்மையிலேயே அப்படி ஒரு பேர் உண்டு. 1950-இல், இந்தக் கதை நடக்கும் இடத்துக்கு வடக்கே, சில்கபோர் என்ற ஊர்ப் பக்கம் அண்ணன் தம்பி இருவர் அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பீட் என்பார்கள், செடிகொடி மக்கி உண்டான மண், காய்ந்தால் விறகுபோல எரியும். வெட்டும்போது ஒரு ஆணின் உடல் வந்தது. முகத்தில் முளைத்த தாடிமயிர் அப்படியே, தலையில் தோல் குல்லாய், கழுத்தில் தோல் சுருக்குக் கயிறு. யாரோ சமீபத்தில் செய்த கொலை என்று போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆராய்ந்து பார்த்தால், செத்து ஏறத்தாழ 2,400 வருடம். கடைசியாகக் குடித்தது பார்லிக் கஞ்சி என்பதுவரை வயிற்றில் இருந்தது. டொலுண்ட் மனிதன் என்று இன்றும் சில்கபோர் அருங்காட்சியகத்தில் படுத்திருக்கிறார். தூங்குகிறவர் முகம். அந்தச் சேற்றில் காற்று கிடையாது, அமிலம் உண்டு, அதனால் உடல் அழுகாமல் தோல் பதப்பட்டுவிடுகிறது. மறைக்கப் போட்டதையெல்லாம் பத்திரப்படுத்தி வைக்கிற இடம். இதைத் தெரிந்துகொண்டு படத்தின் மாட்டுக் கதையைக் கேட்டால் அது கட்டுக்கதையாகத் தோன்றாது.

எர்லிங் யெப்சன் எழுதிய நாவலை வைத்து ஹென்ரிக் ரூபன் கென்ஸ் இயக்கியது. இருவரும் பிறந்தது தென் யூட்லாந்தில் கிராம் என்ற ஒரே ஊரில் (நம் 'கிராமம்' இல்லை, ஊரின் பெயரே அதுதான்). வெளியூர்க்காரன் எடுத்திருந்தால் 'பட்டிக்காட்டான்' கேலியாக முடிந்திருக்கும். சொந்த ஊர்க்காரன் கிண்டலில் ஒரு துல்லியம் இருக்குமே, அது இதில் இருக்கிறது. 2008-இல் செக் நாட்டின் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் பெரிய பரிசு வாங்கியது. டென்மார்க்கில் அடுத்த வருடம் சிறந்த படத்துக்கான இரண்டு முக்கிய விருதுகளும் இதற்குத்தான். அதில் ஒரு விருதின் பெயரே 'ராபர்ட்'. நம் ஹீரோவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை.

குறை இல்லாமல் இல்லை. கடைசி இருபது நிமிடத்தில் முடிச்சுகள் கொஞ்சம் அவசரமாக விழுகின்றன. இங்கெர்லீஸுக்கு இன்னும் நியாயம் செய்திருக்கலாம். லேனே மரியா கிறிஸ்டென்சன் பிரமாதமாக நடித்திருக்கிறார், ஆனால் அடிவாங்குகிற பெண்ணைப் புதிராகவே வைத்திருப்பது கதைக்கு வசதி, எனக்குச் சங்கடம். வேகமாக ஓடுகிற த்ரில்லர்தான் வேண்டும் என்றால் இது வேண்டாம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் ஓடாது, ஊறும்.

அப்புறம் ஒரு சத்தம். யோர்கன் வீட்டுச் சிறுமி இரவில் பொம்மைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடக்கிறாள். சக்கரம் கிறீச் கிறீச் என்கிறது. நான் இரண்டாம் தடவை பார்த்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். டேனிஷும் தெரியாது, சப்டைட்டிலும் படிக்கவில்லை, காது மட்டும் இங்கே. மூன்றாவது முறை அந்தச் சத்தம் வந்ததும், "ஏம்ப்பா, அந்தச் சக்கரத்துக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட அந்த ஊர்ல ஒருத்தருமா இல்ல?" என்றார்.

படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன். அப்பா அம்மாவை அடிக்கும்போதுதான் அந்தப் பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும். சத்தம் கேட்டால் அங்கே அடி விழுகிறது என்று ஊருக்கே தெரியும். யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அம்மா கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அப்ப எண்ணெய் விட வேண்டாம்," என்றார். "கத்தட்டும்."