எடை சரியாக இருந்தால் எல்லாம் சரியா?

கேள்வி: நான் கிளினிக் வைத்திருக்கும் இளம் மருத்துவர். 17 வயதுப் பெண் ஒருத்தி தலைசுற்றல் என்று வந்தாள். எடை சரி, ரத்தப் பரிசோதனையும் நார்மல். "வேளாவேளைக்குச் சாப்பிடும்மா" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்தவள், சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிடுவதாக எங்கள் நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான் எதைக் கோட்டை விட்டேன்?

பதில்: அந்த 'வேளாவேளைக்குச் சாப்பிடும்மா'வை நானும் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். என்னைத் திருத்தியவர் ஒரு பல் மருத்துவர். தொண்டை வலி என்று நாலு தடவை வந்த பெண்ணுக்கு நாலு தடவையும் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பல் கூச்சத்துக்காக அவள் போன இடத்தில், அவளிடம் கேட்டுக்கொண்டு அவர் எனக்குப் போன் செய்தார். "மேல் முன்பற்களின் உள்பக்கத்தைப் பார்த்தீங்களா டாக்டர்?" டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்த எனக்கு, வழியில் இருந்த பல் தெரியவில்லை! வயிற்று அமிலம் பட்டுப் பட்டு எனாமல் கரைந்திருந்தது. போதாக்குறைக்கு, வாந்தி எடுத்த கையோடு பல் தேய்ப்பாளாம். அது இன்னும் கெடுதல். தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

உங்களை ஏமாற்றியது எடைதான். புலிமியா, அதாவது அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு எடை ஏறக் கூடாதென்று வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறு, உள்ளவர்களில் பலர் பார்க்க சராசரி எடையோடுதான் இருப்பார்கள். பருமனாக இருந்து பட்டினி போட்டு வேகமாக இளைத்தவரும் தராசில் 'நார்மல்'தான். இன்றைய எடையை விட, ஆறு மாதத்தில் அது எப்படி ஏறி இறங்கியது என்பதைக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான், உடம்பு ரொம்ப நாள் சமாளித்துக் காட்டும். ஆனால் வாந்தி தொடர்ந்தால் பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். அதனால் இன்னொரு தடவை பொட்டாசியம் பாருங்கள், ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். தலைசுற்றல் என்றால் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் நாடி, பிரஷர் பார்க்க வேண்டும்.

காதுக்கு முன்னால் இருபுறமும் கன்னம் உப்பியிருக்கிறதா? வாந்திக்காக விரலைத் தொண்டைக்குள் விட்டு, பல் பட்டுப் பட்டு விரல் கணுக்களில் காய்ப்பு இருக்கிறதா? 1979-இல் புலிமியாவை முதலில் விவரித்த ஜெரால்டு ரஸல் கவனித்த அடையாளம் அந்தக் காய்ப்பு. இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

சரி, கேட்பது எப்படி? உணவுக் கோளாறு இருக்கிறதா என்று சந்தேகிக்க உதவும், 1999-இல் வந்த 'ஸ்காஃப்' என்ற ஐந்து கேள்விகள் உண்டு. இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது, சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையையே ஆட்டிவைக்கிறதா என்ற கேள்வி. தூக்கம் எப்படி என்று விசாரிக்கிற அதே குரலில் கேளுங்கள், அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. "வாந்தி எடுக்கிறாயா?" என்று போலீஸ் மாதிரி கேட்டால் 'இல்லை'தான் வரும்.

அப்புறம் ஒன்று. தேறி வரும் பெண்ணைப் பார்த்து, "இப்போ கொஞ்சம் பூசினாப்ல நல்லா இருக்கே" என்று பாசமாகச் சொல்லிவிடாதீர்கள். 'குண்டாகிவிட்டாய்' என்றுதான் அவள் காதில் விழும். நான் சொல்லி, அடுத்த இரண்டு வாரம் ஒருத்தி வரவே இல்லை.

மனநல மருத்துவருக்கும் உணவியல் நிபுணருக்கும் கடிதம் எழுதும்போது அவளை எதிரில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். உங்கள் நர்ஸும் பக்கத்தில் இருக்கட்டும். அவள் நம்பியது அவரைத்தானே!

கேள்வி: பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகிவிட்டான் என் தம்பி. இப்போதுதான் சாப்பிடச் சம்மதித்திருக்கிறான். வயிறு நிறையக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயமே தடுமாறலாம். மருத்துவமனையில் வைத்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, தினமும் ரத்தம் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் வருமா என்று யாராவது இழுத்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்றைக்கே அழைத்துப் போங்கள்.