சாலையில் இடமிருந்தும் ஒப்புதல் மறுக்கப்படுவது ஏன்?

சாலையில் இடமிருந்தும் உங்கள் புதிய குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய கட்டடம் கூட்டும் வண்டிகளைத் தாங்கச் சாலையில் இடமிருந்தால்தான் ஒப்புதல் என்பது இங்கே விதி. ஆனால் சாலையில் காலியாகத் தெரியும் இடம் நகர நிர்வாகத்தின் பதிவேட்டில் ஏற்கெனவே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். உங்கள் விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மாலை உச்ச நேரத்தில் 900 வண்டிகளைத் தாங்கும் சாலையில் 780 மட்டுமே செல்வதாகவும், உங்கள் குடியிருப்பு கூட்டுவது 40 என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நகர நிர்வாகம், இன்று ஓடும் வண்டிகளோடு, முன்பே ஒப்புதல் பெற்று இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத திட்டங்களுக்கு ஒதுக்கிய பயணங்களையும் சேர்த்தே கழிக்கும். அப்படி 95 பயணங்கள் ஒதுக்கப்பட்டிருந்தால், உங்களுக்கு மிஞ்சுவது 25தான். முந்தி வந்தவருக்கே இடம் என்னும் இம்முறையில், கட்டும் எண்ணமே இல்லாதவர்கூட இடம்பிடித்து வைக்க முடிகிறது என்பது என் நெடுநாள் குறை.

எனவே அச்சாலைக்கான ஒதுக்கீட்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஒதுக்கீடும் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பாருங்கள். காலம் கடந்தும் நீக்கப்படாதவை இருந்தால், மறுகணக்கீடு கோரி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: தடை சாலையில் அல்லாமல் சிக்னல் சந்திப்பின் இடப்பக்கத் திருப்பத்திலோ வலப்பக்கத் திருப்பத்திலோ இருந்தால், ஒதுக்கீடுகள் நீங்கினாலும் பயனில்லாமல் போகலாம், அங்கே திருப்பத் தடத்தை நீட்டும் செலவில் பங்கேற்க நேரலாம். மேலும், சாலையில் இடமிருந்தால்தான் ஒப்புதல் என்னும் இவ்விதி எங்கும் ஒன்றல்ல. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1985இல் இதைக் கட்டாயமாக்கி, 2011இல் சாலைப் போக்குவரத்தைப் பொறுத்தவரை உள்ளாட்சிகளின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது.