பிரமோதூத வருஷத்துப் பாட்டி: வாசகர் கேள்வி பதில்

பாட்டி சென்ற மாதம் காலமானார். அடையாள அட்டையில் பிறந்த வருஷம் 1934. அவரோ, "பெகு பூகம்பத்தப்போ நான் அம்மா வயித்துல இருந்தேன்" என்றே கடைசிவரை சொல்வார். தாத்தாவின் பழைய நோட்டில் "பிரமோதூத, ஆவணி, வெள்ளி, சுவாதி" என்று இருக்கிறது. வருஷ திதிக்கு நினைவு மலர் போடுகிறோம். எந்த வயதைப் போடுவது?
– வாசகி, பெகு, பர்மா

பாட்டி சொன்னதுதான் சரி. அட்டையை விட்டுவிடுங்கள். பிறப்புச் சான்று இல்லாத அந்தத் தலைமுறையில், எழுதுகிறவர் கேட்டதற்கு யாரோ சொன்ன உத்தேச வருஷமே பல அட்டைகளில் ஏறியிருக்கும்.

பிரமோதூத வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1870, 1930, 1990. உங்கள் பாட்டிக்கு 1930 மட்டுமே பொருந்தும். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆகவே தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடி 1931 ஆகும். நினைவு மலர்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். ஆவணிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. 1930 ஆவணியில் வெள்ளிக்கிழமைகள் நான்கு: ஆகஸ்ட் 22, 29, செப்டம்பர் 5, 12. சுவாதி வருவது 29 அன்று மட்டும். அதுவும் முற்பகலிலேயே முடிந்து விசாகம் வந்துவிடுகிறது. எனவே பிறந்தது 1930 ஆகஸ்ட் 29, பெரும்பாலும் காலை வேளை. உங்கள் குடும்பத்துப் பழைய பஞ்சாங்கத்திலோ குருக்களிடமோ ஒருமுறை ஒத்துப் பாருங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சற்று நேர வித்தியாசம் இருக்கும்.

பெகுவின் ஷ்வேமாடோ பகோடாவை (புத்தர் கோயில்) சாய்த்த பெகு பூகம்பம் 1930 மே 5. அப்போது கொள்ளுப்பாட்டிக்கு ஐந்து மாதம் கடந்திருக்கும். வயிற்றில் இருந்தேன் என்பது அப்படியே பொருந்துகிறது.

பர்மாவில் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். பாட்டி பகோடாவுக்குப் போனால் எந்த மூலையில் தண்ணீர் ஊற்றினார் என்று வீட்டில் கேளுங்கள். பிறந்த கிழமைக்கு ஒரு திசையும் ஒரு பிராணியும் உண்டு. வெள்ளிக்கு வடக்கு, கினிப்பன்றி. திங்களுக்குக் கிழக்கு, புலி. வியாழனுக்கு மேற்கு, எலி. புதன் மட்டும் இரண்டாகப் பிரியும்: முற்பகல் தெற்கே தந்தமுள்ள யானை, பிற்பகல் வடமேற்கே தந்தமில்லாத யானை. பர்மியப் பெயரும் கிழமையைக் காட்டும். கின் என்று தொடங்கினால் திங்கள், மியா வியாழன், தெய்ன் வெள்ளி, ஏ ஞாயிறு. எல்லா வீட்டிலும் இந்த முறையை விடாமல் பார்த்ததில்லை. அதனால் பெயரைத் துணைச் சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள்.

பர்மிய வருஷம் எழுதியிருந்தால் 638 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை பிறந்தவருக்கு 639. 1292 என்றால் 1930. இரவு இரண்டு மணிக்குப் பிறந்தவருக்கு நம் கணக்கில் முந்தின நாளின் கிழமையே நீடிக்கும், ஆங்கிலத் தேதியோ மாறிவிட்டிருக்கும். கிழமையும் தேதியும் ஒரு நாள் முரண்பட்டால் இதைத்தான் முதலில் பாருங்கள். மலரில் வயதைப் போடும்போது முடிந்த வயதா, நடப்பு வயதா என்று ஒன்றைத் தீர்மானித்து, அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

பாட்டியின் தங்கை மட்டும் இருக்கிறார். எந்த வருஷம் என்று கேட்டால் "அதெல்லாம் ரொம்ப காலம்" என்கிறார். எப்படிக் கேட்பது?
– வாசகர், யாங்கோன்

வருஷத்தைக் கேட்காதீர்கள். காசைக் கேளுங்கள். சின்னப்பாட்டி எந்த நோட்டை எங்கே ஒளித்து வைத்தார் என்பதை மறந்திருக்க மாட்டார். ஜப்பான்காரன் நோட்டு என்றால் 1942 முதல் 1945 வரை. போர் முடிந்ததும் அது வெறும் காகிதமானது. ரூபாய் போய் கியாட் வந்தது 1952. ஐம்பதும் நூறும் ஒரே நாளில் செல்லாமல் போனது 1964 மே. இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து நோட்டுகள் செல்லாமல் போனது 1987 செப்டம்பர். "அந்த நோட்டு செல்லாமல் போனப்போ உங்க பெரியவளுக்குப் பல்லு முளைச்சிருந்துச்சா, பள்ளிக்கூடம் போனாளா?" என்று கேட்டால் பிள்ளைகளின் வயதும் கூடவே வரும்.

காலையில், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவில் குரலை விழுங்குவது அதுதான். போனை ஒரு முழத்துக்குள் துணிமேல் வையுங்கள். தொடக்கத்தில் தேதியையும் இருப்பவர் பெயரையும் நீங்களே சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள், மறுநாள் வேறு வழியாகக் கேளுங்கள். 1942-இல் ஜப்பான் படைக்குத் தப்பி இந்தியாவுக்கு நடந்த பயணத்தில் யாரையாவது இழந்த குடும்பமாக இருக்கலாம். அந்த இடத்தில் பேச்சு நின்றால் நிற்கட்டும்.

மலரில் அம்மம்மாவின் மாங்காய் ஊறுகாய்க் குறிப்பைச் சேர்க்க விரும்புகிறோம். "மாங்காய் ஒரு வீசை, உப்பு ஒரு பால் டப்பா" என்று இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் அக்கா செய்து பார்த்தார், வாயில் வைக்க முடியவில்லை.
– வாசகி, மோல்மீன்

அக்கா வீசையை ஒரு கிலோவாக எடுத்திருப்பார், அல்லது சென்னையின் பழைய வீசையாக. அது சுமார் 1.4 கிலோ. பர்மாவில் வீசை என்பது 1.63 கிலோ. மாங்காய் குறைந்தது, உப்பு அப்படியே நின்றது, அதனால்தான் கரிப்பு. மாங்காயை 1.63 கிலோவாக்குங்கள், உப்பில் கை வைக்காதீர்கள். உப்பைக் குறைத்தால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.

பால் டப்பா என்பது கெட்டிப் பால் தகரம். எட்டு தகரம் ஒரு பியீ, அதாவது பர்மியப் படி. அரிசி என்றால் தகரத்துக்கு ஏறத்தாழ கால் கிலோ பிடிக்கும், கல் உப்பு வேறு எடை. வீட்டில் இன்னும் அந்தத் தகரம் கிடந்தால் உப்பை அள்ளித் தராசில் நிறுத்து, கிராம் கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள். அம்மம்மாவின் அளவை அழிக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும். கியாத்தா என்று எங்காவது வந்தால் வீசையில் நூறில் ஒரு பங்கு, 16.3 கிராம்.

அட்டையில் "டோ" என்று தொடங்குகிறதே, அதையும் போடவேண்டுமா?

அது மரியாதைச் சொல், பெயர் அல்ல. தமிழ்ப் பெயரை முதலில் போட்டு, பர்மியப் பெயரை அடுத்த வரியில் போடுங்கள். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் தகப்பனார் பெயரைத் தனியாக எழுதாவிட்டால் பேரப்பிள்ளைகளால் பின்னாளில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

கல்யாணப் படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?
– வாசகர், தாட்டோன்

பிரிக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகி, காய்ந்தபோது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி வழியாகவே படமெடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும், எடுப்பவர் பின்னால் கறுப்புத் துணி தொங்கட்டும், பளபளப்பு மறையும். மற்ற படங்களை ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ போதும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடாதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள். காகித உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஜூன் முதல் அக்டோபர்வரை மாதம் ஒருமுறை அந்தப் பையை மாற்றவேண்டும். படத்தின் பின்னால் பெயர்களை மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தழும்பாகத் தெரியும்.