சைபர் சட்டம் படிக்க அப்பாவின் வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: வயது 29. பி.இ. முடித்து, பெங்களூரு மாரத்தஹள்ளியில் தங்கி, ஐ.டி. நிறுவனமொன்றின் பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 10.8 லட்சம்; கைக்கு 76,000. வாடகை 19,000, பாளையங்கோட்டையில் இருக்கும் பெற்றோருக்கு 15,000 அனுப்புகிறேன். எஃப்.டி.யில் 2.4 லட்சம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்தில் சைபர் சட்டத்தில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்க ஆசை. 28 லட்சம் கடன், 11% வட்டி. அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தரச் சம்மதித்துவிட்டார். வட்டிக்கு வரிக் கழிவும் உண்டாமே, வாங்கலாமா?

பதில்: இந்தக் கடன் வேண்டாம். படிப்பைத் தாராளமாகப் படியுங்கள், வேலையில் இருந்துகொண்டே.

கணக்கைப் பாருங்கள். படிப்புக் காலம் ஓராண்டு, அதன்பின் தவணை விடுப்பு ஓராண்டு. 28 லட்சத்துக்குத் தனிவட்டி மட்டும் இரண்டு ஆண்டுக்கு 6.16 லட்சம் வரை ஏறும். அதை அசலோடு சேர்த்தால் 34.16 லட்சம். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 47,000. வீட்டுக்கு அனுப்பும் 15,000, உங்கள் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால், திரும்பி வந்ததும் கைக்கு ஒரு லட்சமாவது வந்தாக வேண்டும். படிக்கும் ஓராண்டில் இழக்கும் சம்பளம் 9.12 லட்சம், அது எந்தக் கடன் கணக்கிலும் வராது.

பத்திர விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால், 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். பெற்றோர் குடியிருக்கும் ஒரே வீடு என்றால் அந்தத் துணிச்சல் கூடாது.

வரிக் கழிவை நம்பி இறங்காதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில்தான் கிடைக்கும். புதிய முறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரியே இல்லை, உங்கள் 10.8 லட்சத்துக்கு எப்படியும் வரி வராது, கழிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது, போக நினைக்கும் இடம் கோர்ட்டா, கம்பெனியா? எல்.எல்.பி. இல்லாத எல்.எல்.எம்., எங்கே வாங்கினாலும், இங்கே வக்கீலாகப் பதிவு செய்ய உதவாது. கோர்ட்தான் என்றால் மூன்றாண்டு எல்.எல்.பி., நேரடி வகுப்பு, 70% வருகை. முழுநேர வேலையோடு சேராது. தபால்வழி எல்.எல்.பி. என்று விளம்பரம் வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

கம்பெனி என்றால் உங்கள் கையில் ஏற்கெனவே பாதி இருக்கிறது. நாகர்பாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளி, சைபர் சட்டம் மற்றும் சைபர் தடயவியலில் முதுநிலை டிப்ளமோ நடத்திவருகிறது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் மட்டும் இருந்தால் போதாது. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்க வேண்டும். சைபர் தாக்குதல் சம்பவத்தை 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆதாரம் பற்றிய 63ஆம் பிரிவும் கட்டாயம். அதன் சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்கும் லாக் கோப்பு கோர்ட்டில் நிற்பதும் விழுவதும் இந்தத் தாளில்தான். லாக்கும் தெரிந்து சட்டமும் தெரிந்தவருக்கு மதிப்பு அங்கே வருகிறது.

பணத்துக்கு: எஃப்.டி.யை உடைக்காதீர்கள், அது அவசர நிதி. தனியாக ஆர்.டி. போட்டு மாதம் 12,000 சேர்த்தால் எட்டு மாதத்தில் 96,000, வட்டி வேறு. 'வட்டியில்லாத் தவணை' என்று பயிற்சி நிறுவனம் நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன் ஒப்புதல் கடிதத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் பெயரில் ஒரு தனிநபர் கடன். பாதியில் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

உங்கள் எச்.ஆரிடம் படிப்புச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால், எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.