எல்லோரும் ‘நன்று’ போட்டால் படிவத்தை நம்பாதீர்கள்

வணக்கம் சகோதரி. கிளிநொச்சியில் சனசமூக நிலைய முற்றத்தில் பெண்களுக்கு மாலை உடற்பயிற்சி நடத்துகிறீர்கள்; நாற்பது பேர் பதினைந்தாகிவிட்டார்கள், ஆனால் கருத்துக் கேட்கும் படிவத்தில் எல்லோரும் ‘நன்று’ என்றே குறித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிவத்தை நீட்டிவிட்டு நீங்களே பக்கத்தில் நின்றால் வேறு என்ன எழுதுவார்கள்? முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது.

வந்தவர்களை விடுங்கள். நின்றுபோன இருபத்தைந்து பேரின் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காமல், ‘கடைசியாக வராமல் விட்ட அன்று என்ன நடந்தது?’ என்று கேளுங்கள்.

மல்லாவியில் நாங்கள் நடத்திய பயிற்சியிலும் நின்றுபோனவர்களிடம் அப்படித்தான் கேட்டோம். ஒரு அக்கா முதலில் ‘நேரமில்லை’ என்றார். தேநீர் குடித்து முடிக்கும்போதுதான், முழங்காலுக்குள் இன்னும் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது, குதிக்கும் பயிற்சியில் உயிர் போகிறது என்றார். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்வாரா? அவருக்குக் கதிரையில் இருந்து செய்யும் பயிற்சி கொடுத்தோம், வைத்தியரிடம் கேட்ட பிறகுதான். இன்னொருவருக்கு வீதியில் போகிறவர்கள் பார்ப்பதுதான் பிரச்சினை. பழைய சேலைகளை வேலியில் கட்டியதோடு அது தீர்ந்தது.

பயிற்சி நேரத்தை முடிவுசெய்ய, நேரத்துக்கு ஒன்றாக மூன்று பால்மா டின்கள் வைத்து, பிடித்த நேரத்துக்கான டின்னில் புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். யார் எதில் போட்டார் என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் வையுங்கள். காலபோக நெல் அறுவடை முடிந்ததும் மறுபடி கேளுங்கள், வயல் வேலை குறைவதால் அப்போது விடை மாறும்.